வீடு எவர் பெயரில்?

குடும்பத் தலைவர் பெயர் யாது? இவ்வினாவுக்கு விடை எழுதாமல் இந்நாளில் எந்த விண்ணப்பமும் முற்றுப்பெறுவதில்லை. கடன் மனுவாயினும், குடும்ப அட்டையாயினும், புயல் நிவாரணமாயினும், தறிக்கு உதவித்தொகையாயினும் இக்கேள்வி முன்வந்து நிற்கிறது. நாமும் அதிகம் எண்ணிப் பாராமல் வீட்டிலுள்ள மூத்த ஆண்மகனின் பெயரை எழுதிவிட்டு அடுத்த வரிக்குச் செல்கிறோம். தந்தையின் வீடு, அவ்வீட்டுக்கு மணமாகி வந்த தாய், அவர்களுடைய மக்கள், பின்னர் மகனைக் கைப்பிடித்து வரும் மருமகள் என்பதே குடும்பத்தின் இயற்கையான உருவம் என்று நாம் கொண்டிருப்பதே இதற்குக் காரணம்.

இவ்வுருவம் இயற்கை தந்ததன்று. பல உருவங்களுள் ஒன்று. இதைக் காண நெடுந்தூரம் செல்ல வேண்டுவதில்லை. நமக்கு அண்டையிலுள்ள இலங்கையில், ஒரே தீவுக்குள், நாலைந்து வகையான குடும்ப அமைப்புகள் அருகருகே இருந்து வருகின்றன. ஒரு வகைக் குடும்பத்தை மனத்திற்கொண்டு வகுத்த விண்ணப்பத்தை மற்றொரு வகைக் குடும்பத்தின்மேல் சுமத்தினால் யாது விளையும் என்பதையும் அத்தீவின் கீழ்க்கரை அனுபவித்து அறிந்துள்ளது. நெல் விளைவிப்போரும் கைத்தறி நெய்வோரும் வாழும் அப்பகுதியின் செய்திகள் நம் அங்கத்தினர்களுக்குப் பயன்படும் என்று கருதி ஈண்டு எழுதுகிறோம்.

மகளுக்கு உரிய வீடு

இலங்கையின் கிழக்கே மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களின் கடற்கரை நெடுகிலும் தமிழரும் முஸ்லிம்களும் அடுத்தடுத்த ஊர்களில் வாழ்கின்றனர். மட்டக்களப்பு மாவட்டத்தின் ஒரு பகுதியாக இருந்த அம்பாறை, 1961இல் தனி மாவட்டமாயிற்று. கரைக்கு மேற்கே காயலும் நெல்வயல்களும் பரந்துள்ளன. மருதமுனை என்னும் ஊரின் முஸ்லிம் நெசவாளர் நெய்யும் சாரங்களும் சேலைகளும் தீவெங்கும் பெயர் பெற்றவை.

இப்பகுதித் தமிழரிடையே ‘குடி’ என்னும் பிரிவு உண்டு. பிள்ளைகள் தாயின் குடியைச் சேர்ந்தவர்கள். தந்தையின் குடியைச் சேர்ந்தவர்கள் அல்லர். ஒரே குடிக்குள் மணம் செய்தல் ஆகாது. கோயில் திருவிழாக்களில் இன்ன குடியாருக்கு இன்ன உரிமை என்ற ஒழுங்கும் இருந்து வந்தது. வியப்புக்குரிய செய்தி யாதெனின், அண்டை ஊர் முஸ்லிம்களிடத்தும் இதே தாய்வழிக் குடிமுறை காணப்படுவதாகும். பள்ளிவாசல் நிருவாகத்தில் குடிகளின் சார்பாக மரைக்காயர்கள் அமரும் வழக்கமும் அவர்களிடையே இருந்தது.

குடியைக் காட்டிலும் அன்றாட வாழ்வைத் தாங்கி நிற்பது வீடு. மணமானதும் மணமகன் மணமகளின் வீட்டுக்குச் செல்கிறான். வீடு மகளுக்குச் சீதனமாக எழுதிக் கொடுக்கப்படுகிறது. பத்திரத்துக்கு அங்கே ‘உறுதி’ என்று பெயர். சிறிது காலம் பெற்றோரும் புதுமணத் தம்பதிகளும் ஒன்றாக வாழ்வர். பின்னர்ப் பெற்றோர் அதே வளவிலோ அடுத்த வளவிலோ வேறு வீடு கட்டிக்கொண்டு, மணமாகாத மக்களுடன் அங்கே குடிபுகுவர். அடுத்த மகளுக்கு மணம் நடந்தால் அவ்வீடு அவளுக்காகும். இவ்வாறு அக்காளும் தங்கையும் தாயும் பக்கத்துப் பக்கத்து வீடுகளில் வாழ்வர். வெளியிலிருந்து வந்தவர்கள் மருமகன்மாரே ஆவர்.

நம் பக்கத்தில் ‘வீட்டோடு மாப்பிள்ளை’ என்பது ஏளனச் சொல். மட்டக்களப்பிலோ மாப்பிள்ளை வீட்டோடு வருவதே முறை; அதில் ஏளனம் ஏதும் இல்லை. அண்ணன்மார் உழைத்துத் தங்கைக்கு வீடு கட்டி முடித்த பின்னரே தாம் மணம் செய்துகொள்ள எண்ணுவர். தமக்கு வீடு மனைவி வழியே வரும் என்பதை அவர்கள் அறிவர்.

தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் இடையே 1980க்குப் பின் நேர்ந்த பகைமையும், 1990இல் நடந்த கொடுமைகளும் அப்பகுதியில் ஆறாத வடுவாக உள்ளன. சமயத்தாலும் அரசியலாலும் இத்துணைப் பிரிந்த இரு சமூகத்தாரும், மகளுக்கு வீடு கட்டும் கவலையில் மட்டும் ஒருவரைப் போலவே மற்றவரும் உள்ளனர். குடும்ப அமைப்பைச் சமயமோ இனமோ மட்டும் தீர்மானித்துவிடுவதில்லை என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டா.

தீவின் பிற வழக்கங்கள்

வடக்கே யாழ்ப்பாணத்தில் வழக்கம் வேறு. அங்குள்ள தமிழரின் ஆட்சி முறைகளை ஒல்லாந்தர் 1706, 1707ஆம் ஆண்டுகளில் தொகுத்தனர். அதுவே தேசவழமை எனப்படுவது. சொத்தை அது மூவகையாகப் பிரிக்கும். முன்னோர் வழி வந்தது முதுசொம். மகளுக்கு மணத்தின்போது கொடுப்பது சீதனம். மணமான பின் இருவரும் ஈட்டியது தேடிய தேட்டம். தந்தை வழி முதுசொம் ஆண்மக்களுக்கும், தாயின் சீதனம் பெண்மக்களுக்கும் செல்வது பழைய முறை. ஆகவே பெண்ணுக்கு அங்கும் சொத்து உண்டு. ஆயினும் மணமான பெண் தன் அசையாச் சொத்தை விற்கவோ ஈடு வைக்கவோ கணவனின் எழுத்து மூலமான சம்மதம் வேண்டும் என்று 1911ஆம் ஆண்டின் சட்டம் விதித்தது. உடைமை ஒருவருக்கும் அதன்மேல் அதிகாரம் மற்றொருவருக்குமாக அமைந்த நிலை இது.

கண்டி நாட்டுச் சிங்களவரிடையே மணம் இருவகைப்படும். பெண் கணவன் வீட்டுக்குச் செல்வது ‘தீக’ மணம்; கணவன் பெண் வீட்டுக்கு வருவது ‘பின்ன’ மணம். தீக மணம் செய்து வெளியே சென்ற மகள், பழைய முறைப்படி, தந்தையின் பரம்பரை நிலத்தில் பங்கை இழப்பாள். பின்ன மணம் செய்து வீட்டிலேயே தங்கியவளுக்குப் பங்கு உண்டு. நிலம் குடும்பத்தை விட்டு வெளியேறலாகாது என்பதே இதன் உட்கருத்து. கண்டியரின் திருமணங்களுக்கென 1952இல் இயற்றப்பட்ட சட்டமும் இவ்விருவகை மணங்களை ஏற்றுக்கொண்டது. சகோதரர் இருவரோ மூவரோ ஒரு மனைவியுடன் ஒரே வீட்டில் வாழ்ந்து வயலைப் பிரிக்காமல் உழுத வழக்கமும் அங்கே முன்னர் இருந்தது. அதை ஆங்கிலேயர் 1859இல் சட்டத்தால் தடுத்தனர்.

இனி, மலையகத் தோட்டங்களைக் காண்போம். சென்ற நூற்றாண்டுக்கு முந்தைய நூற்றாண்டில் நம் தமிழ்நாட்டு மாவட்டங்களிலிருந்து காப்பித் தோட்டங்களுக்கும், பின்னர்த் தேயிலைத் தோட்டங்களுக்கும் சென்றவர்களின் சந்ததியார் அவர்கள். அவர்கள் வாழ்ந்த லயத்து அறை தோட்டத்துக்குச் சொந்தம். வேலை உள்ளவரையில்தான் அதில் இருப்பிடம். மகளுக்கு எழுதிக் கொடுக்க வீடும் இல்லை. மகனுக்குப் பிரித்துக் கொடுக்க வயலும் இல்லை. ஒரே அறையில் இரண்டு தலைமுறைகள் நெருங்கி வாழ்ந்ததற்குப் பாசம் மட்டுமா காரணம்? வேறு இடம் இல்லாமையும் காரணம். அண்மை ஆண்டுகளில் 7 பேர்ச் நிலத்துடன் தனி வீடு கட்டிக் கொடுக்கும் முயற்சிகள் தொடங்கின. நம் கணக்கில் அது 4 சென்டுக்குச் சற்று மேற்பட்ட அளவு. அச்சிறு நிலம் கிட்டிய குடும்பங்களில்தான், வீடு மகனுக்கா மகளுக்கா என்னும் கேள்வியே முதன்முதலாக எழ முடியும்.

இந்நான்கையும் ஒப்பிட்டால் ஓர் உண்மை புலப்படுகிறது. எவர் எவரோடு வாழ்கிறார், எவர் சொல் எடுபடுகிறது, முதுமையில் எவர் எவரைக் காக்கிறார் என்பனவெல்லாம் பெரும்பாலும், வீடும் நிலமும் எவர் கைக்குச் செல்கின்றன என்பதைப் பொறுத்தே அமைகின்றன.

மூன்று தலைமுறைகள்

மட்டக்களப்பு வழக்கமும் என்றும் ஒரே நிலையில் நின்றதன்று. முற்காலத்தில் அங்கே முக்குவர் சட்டம் என்ற வழக்கு நிலவியது. அதன்படி பரம்பரைச் சொத்து ஒருவனுடைய மக்களுக்குச் செல்லாமல், அவன் சகோதரியின் மக்களுக்குச் சென்றது. கிறிஸ்தோபர் பிரிட்டோ என்பவர் இவ்வழக்கை விளக்கி 1876இல் ஒரு நூல் வெளியிட்டார். ஆனால் அக்காலத்திலேயே அது நீதிமன்றங்களில் செல்வாக்கிழந்து கொண்டிருந்தது. தாய்மாமனிடமிருந்து மருமகனுக்குச் சென்ற சொத்து, பெற்றோரிடமிருந்து மகளுக்குச் சீதனமாகச் செல்லத் தொடங்கியது. தாய்வழி என்ற பெயர் நிலைத்தது. அதன் உட்பொருள் மாறிவிட்டது.

முஸ்லிம்களுக்கென 1931இல் வந்த வாரிசுச் சட்டப்படி, உயில் எழுதாமல் இறந்தவரின் சொத்தில் மகனின் பங்கில் பாதியே மகளுக்கு உரியது. ஆயினும் கீழ்க்கரை முஸ்லிம் பெற்றோர் உயிருடன் இருக்கும்போதே வீட்டை மகளுக்கு எழுதிவிடுவர். சட்டம் வந்து பங்கு பிரிக்கும் வேளையில் வீடு ஏற்கெனவே மகளுடையதாகி இருக்கும். ஊர் வழக்கம் சட்டத்தை மீறாமலே தன் வழியில் சென்றதற்கு இஃது எடுத்துக்காட்டு.

மூன்றாவது தலைமுறையின் நிலை கடினமானது. கடற்கரை ஊர்களில் மனை நிலம் அருகிவிட்டது. காத்தான்குடி போன்ற ஊர்களில் வீட்டோடு வீடு ஒட்டி நிற்கிறது. மூன்று பெண்மக்களைப் பெற்றவர் மூன்று வீடுகளுக்கு எங்கே போவார்? 1970களின் பிற்பகுதி முதல் ஆண்கள் அரபு நாடுகளுக்கு வேலைக்குச் சென்றனர். பின்னர்ப் பெண்களும் வீட்டு வேலைக்காகச் சென்றனர். தன் மகளுக்கோ தங்கைக்கோ ஒரு வீடு கட்டுவதற்காக, தன் சிறு குழந்தைகளைத் தாயிடம் விட்டுச் செல்லும் பெண்கள் பலர். அக்குழந்தைகளை வளர்ப்பவள் பாட்டி. தாய்வழி வீடு அவர்களைத் தாங்குகிறது. அதே வீட்டுக்காகத்தான் தாய் பிரிந்தும் போகிறாள்.

இதனால் இளைய தலைமுறையினரிடையே, சிறப்பாக முஸ்லிம் இளைஞரிடையே, பெண்ணிடம் வீடு பெறுவது முறையன்று, மணமகனே இருப்பிடம் தர வேண்டும் என்னும் கருத்து எழுந்துள்ளது. பெண்ணைப் பெற்றவரின் சுமையைக் குறைக்கும் இக்கருத்து வரவேற்கத்தக்கதே. எனினும் இதில் ஒரு சிக்கல் உண்டு. மணமகன் கட்டும் வீடு மணமகன் பெயரிலேயே இருக்குமாயின், சீதனக் கொடுமையோடு சேர்ந்து பெண்ணின் வீட்டுரிமையும் போய்விடும். நோயைப் போக்கப் புகுந்து கண்ணைக் குத்திக்கொண்ட கதையாக அது முடியலாகாது. எவர் கட்டினாலும் உறுதியில் மனைவியின் பெயரும் இருத்தல் வேண்டும் என்பதே நம் அபிப்பிராயம்.

வீடு பெண்ணுக்கு உரியது என்பதால் அங்குப் பெண்களுக்கு எல்லா அதிகாரமும் உண்டு என்று எண்ணிவிடவும் கூடாது. நெல்வயல் பெண்ணின் பெயரில் இருந்தாலும், விளைச்சலை விற்றுப் பணத்தைக் கையாள்பவர் பெரும்பாலும் கணவனோ சகோதரனோ ஆவார். ஆயினும் 1983 முதல் 2009 வரை நீடித்த போரில் கணவனை இழந்த பெண்களுக்கு ஒன்று மிஞ்சியது. மாமியார் வீட்டிலிருந்து எவரும் அவர்களை வெளியே போகச் சொல்ல முடியாது. ஏனெனில் அவர்கள் வாழ்ந்தது தம் வீட்டில். இந்த ஆறுதல் சிறிது எனினும், நம் நாட்டுக் கைம்பெண்கள் பலருக்குக் கிட்டாதது.

அலையும் விண்ணப்பமும்

2004 டிசம்பர் 26ஆம் நாள் கடல் பொங்கியது. இலங்கையில் 30,000 பேருக்கு மேல் மாண்டனர். மாவட்டங்களுள் உயிர்ச்சேதம் மிகுந்தது அம்பாறையே. மாண்டவருள் பெண்களும் குழந்தைகளுமே மிகுதி. கரையோர வீடுகள் அடித்தளம் மட்டும் எஞ்ச அழிந்தன. பெட்டியிலிருந்த சீதன உறுதிகளையும் நீர் கொண்டு போயிற்று.

உதவி பல நாடுகளிலிருந்து வந்தது. கடற்கரையிலிருந்து தெற்கிலும் மேற்கிலும் 100 மீட்டர், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீட்டர் தூரத்துக்குள் மீண்டும் வீடு கட்டலாகாது என்று அரசாங்கம் முதலில் விதித்தது. எனவே பல குடும்பங்களுக்கு உள்நாட்டில் அரசாங்க நிலத்தில் புதிய வீடுகள் கட்டப்பட்டன. அவ்வீடுகளுக்கான பத்திரத்தில் எழுதப்பட்ட பெயர் யாருடையது? விண்ணப்பத்தில் இருந்த கேள்வி, குடும்பத் தலைவர் யார் என்பதே. குடும்பத் தலைவர் என்பது சட்டம் வரையறுத்த சொல் அன்று. அலுவலக நடைமுறையில் ஊறிப்போன சொல். கணவன் இருக்கும் வீட்டில் கணவனே தலைவர் என்று எழுதப்பட்டது. அவ்வாறே பல இடங்களில் வீடும் கணவன் பெயரில் சென்றது.

இதன் பொருளைச் சற்றே எண்ணிப் பாருங்கள். அலை வருவதற்கு முதல் நாள் வரையில் வீடும் மனையும் மனைவியுடையவை. அவள் தாயிடமிருந்து பெற்றவை. தன் மகளுக்குக் கொடுக்க வேண்டியவை. அலை வீட்டை மட்டுமே கொண்டு போயிற்று. உரிமையைக் கொண்டு போனது ஒரு படிவத்தின் ஒற்றை வரி. கணவன் நல்லவனாயின் துன்பம் இல்லை. அவன் பிரிந்து சென்றாலோ, வீட்டை ஈடு வைத்தாலோ, அவள் எங்கே நிற்பாள்? தாயை அலைக்குப் பறிகொடுத்த பெண்மக்களின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. முன்னைய வழக்கப்படி தாயின் வீடு அவர்களுக்குத் தங்கும்; தந்தை மறுமணம் செய்தால் புதிய மனைவியின் வீட்டுக்குப் போவார். வீடு தந்தையின் பெயரில் எழுதப்பட்டபின் அந்தக் காப்பு இல்லை.

அரசாங்க நிலம் என்பதில் மற்றோர் இடரும் இருந்தது. இலங்கையின் நிலக் குடியேற்றங்களுக்கு அடிப்படையான 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திச் சட்டம், அனுமதிப் பத்திரம் பெற்றவர் பின்னுரிமையாளரை நியமிக்காமல் இறந்தால் யார் உரிமை பெறுவர் என்று ஓர் அட்டவணை வகுத்தது. அதில் ஆண் வாரிசுக்குப் பின்னரே பெண் வாரிசு. கல்லோயாத் திட்டம் முதலிய பெருங் குடியேற்றங்களில் தமிழ், முஸ்லிம், சிங்களக் குடும்பங்கள் அனைத்துக்கும் இவ்வொரே அளவுகோல். பெண்கள் அமைப்புகளும் சட்ட அறிஞரும் நீண்ட காலம் இதை எதிர்த்து வாதாடினர். 2022இல்தான் சட்டம் திருத்தப்பெற்று, ஆண் பெண் என்ற வேறுபாடு வாரிசு அட்டவணையிலிருந்து நீக்கப்பட்டது. சுனாமி வீடுகள் எழுதப்பட்டு ஏறத்தாழ 17 ஆண்டுகள் கழிந்த பின்னர் வந்த திருத்தம் அது.

நம் பக்கத்து நிலை

இவை கடல் கடந்த செய்திகள் என்று வாளா இருத்தல் தகாது. நம்மிடையேயும் குடும்பங்கள் ஒரே அச்சில் வார்த்தவை அல்ல. காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் முஸ்லிம் பெண்கள் மணமான பின்னும் தாய்வீட்டில் வாழ்வதும், வீடு மகளுக்கே செல்வதும் பழைய வழக்கம். கொண்டையங்கோட்டை மறவரிடையே ‘கிளை’ தாய்வழியாகவே வருகிறது. அண்டைக் கேரளத்தில் மருமக்கள் தாயமும், காரணவர் ஆண்ட தறவாடும் பல நூற்றாண்டு நிலவின. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கம் முதல் வந்த சட்டங்கள் அவற்றைச் சிறிது சிறிதாகப் பங்கிட்டன. 1975இல் இயற்றி 1976 டிசம்பர் முதல் நடைமுறைக்கு வந்த சட்டம் கூட்டுக்குடும்பச் சொத்து முறையையே ஒழித்தது.

தந்தைவழிக் குடும்பங்களிலும் தலைமுறைதோறும் மாறுதல் உண்டு. 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம், தந்தையின் தனிச் சொத்தில் மகளுக்குப் பங்கு கொடுத்தது; பரம்பரைச் சொத்தில் மகனுக்கு இணையான உரிமையைக் கொடுக்கவில்லை. தமிழ்நாடு 1989இல் அக்குறையை ஒரு பகுதி நீக்கியது; ஆயினும் அதற்கு முன் மணமான பெண்கள் விடுபட்டனர். 2005இல் மத்திய அரசாங்கத்தின் திருத்தம் மகளை மகனுக்கு நிகராக்கியது. அந்நாளில் தந்தை உயிருடன் இருந்திருக்க வேண்டும் என்பதில்லை, மகளின் உரிமை பிறப்பால் வருவது என்று உச்ச நீதிமன்றம் 2020இல் தெளிவாக்கியது. ஒரே வீட்டில் பாட்டிக்கு ஒரு சட்டம், தாய்க்கு ஒரு சட்டம், பேத்திக்கு ஒரு சட்டம் என்று ஆகியிருப்பதை நம் வாசகர்கள் உணர்தல் வேண்டும்.

தலைவர் யார் என்பதும் மாற்ற முடியாத விதியன்று. 2013ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம், குடும்ப அட்டையைப் பொறுத்தவரையில், 18 வயது நிரம்பிய பெண்களுள் மூத்தவரே குடும்பத் தலைவர் என்று கூறிவிட்டது. ஒரு வரியை மாற்றி எழுத முடியும் என்பதற்கு அது சான்று.

இனி நம் தறிக்கு வருவோம். 2019-20இல் நடந்த நான்காவது அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பின்படி, தொழிலில் உள்ள 35 இலட்சத்துக்கு மேற்பட்டோருள் நூற்றுக்கு 72 பேர் பெண்கள். அஸ்ஸாமில் தறியில் அமர்பவளே பெண். நம் ஊர்களில் தறியில் ஆடவர் அமர்ந்தாலும், நூல் சுற்றுவதும், தார் சுற்றுவதும், பாவுக்கு உதவுவதும் மனைவியும் தாயுமே ஆவர். ஒரு சேலை அறுபடுமுன் எத்தனை கைகள் உழைத்தன என்பது வீட்டாருக்குத் தெரியும். பதிவேட்டுக்கு ஒரு பெயர் மட்டுமே தெரியும். வயலிலும் இதுவே நிலை: நடுபவர் பெண்கள், பட்டா பெரும்பாலும் ஆடவர் பெயரில்.

ஆகவே நாம் சொல்லக் கருதுவது இதுவே. எந்தச் சமூகத்தின் குடும்ப முறை உயர்ந்தது என்ற வாதம் நமக்கு வேண்டா. ஒவ்வொன்றிலும் சிலருக்குக் காப்பும் சிலருக்குச் சுமையும் உண்டு. ஆனால் படிவம் எழுதும் கை, வீட்டின் உண்மை நிலையைக் கேட்டறிந்து எழுத வேண்டும். இந்த வீடு யாருடையது? இந்தத் தறியில் உழைப்பவர் யாவர்? இவர் இல்லாத நாளில் இது எவரிடம் சேர வேண்டும்? இம்மூன்றையும் கேளாமல் தலைவர் பெயரை நிரப்புதல் ஆகாது.

நம் அங்கத்தினர் ஒவ்வொருவரும் தத்தம் வீட்டுப் பத்திரத்தையும், சங்கத்தில் கொடுத்துள்ள வாரிசு நியமனத்தையும் ஒருமுறை எடுத்துப் பார்ப்பாராக. பல ஆண்டுகளுக்குமுன் எழுதிய பெயர்கள் அதில் இருக்கலாம்; இறந்தவர் பெயரும் இருக்கலாம்; பின்னர் வந்த மனைவி, பிறந்த மகள் ஆகியோர் பெயர் இல்லாமல் இருக்கலாம். அதைத் திருத்த ஒரு காலைப் பொழுது போதும். திருத்தாமல் விட்டால் அதன் பயனை அனுபவிப்பவர், நாம் இல்லாத காலத்தில் அந்த வீட்டில் வாழ வேண்டியவர்களே.